ஜன்னலா, பூங்காவா, ஊர்சுற்றலா: இளவேனிலில் நகரத்துப் பறவைகளைப் பார்க்க எது தோது?

வாரத்தில் நாலைந்து மணி நேரம்தான் ஒழியும். இளவேனிலோ இரண்டு, இரண்டரை மாதத்துக்கு மேல் தங்காது. இந்தக் கொஞ்ச நேரத்தை வைத்துக்கொண்டு நகரத்துப் பறவைகளையும், அணில், வௌவால், நரி மாதிரி மற்ற உயிர்களையும் எங்கே, எப்படிப் பார்ப்பது? புதிதாகப் பறவை பார்க்க ஆரம்பிக்கிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். அவர்கள் முன்னால் பெரும்பாலும் மூன்று வழி இருக்கும். வீட்டு ஜன்னலிலோ மாடியிலோ உட்கார்ந்து பார்க்கலாம். பக்கத்தில் ஒரு பூங்காவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே திரும்பத் திரும்பப் போகலாம். வாரம் ஒரு புது இடம் என்று ஊரெல்லாம் சுற்றலாம். கேமராவா பைனாகுலரா, ஆப் போதுமா, தனியாகவா கூட்டத்தோடா என்பதெல்லாம் அப்புறம் வருகிற கேள்விகள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த வழக்கில் நான் நடுநிலையான ஆள் இல்லை. மூன்றாவது வழியில் ஆரம்பித்து, அலுத்துப்போய் இரண்டாவதுக்கு வந்து, இப்போது முக்கால்வாசி நேரம் முதலாவதில் உட்கார்ந்திருக்கிறேன். சுற்றிய வருஷத்தில் பத்து வாரத்தில் ஒன்பது இடம் போனேன். நோட்டில் எழுபத்தொரு இனம் ஏறியது. கர்வமாகத்தான் இருந்தது. சீசன் முடிந்த பிறகு ஒரு நாள் பக்கத்து வீட்டுச் சிறுமி, தெருமுனை மரத்தில் காக்காக் குஞ்சு பறக்கப் பழகியதைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். அந்த மரத்தில் கூடு இருந்ததே எனக்குத் தெரியாது. இத்தனைக்கும் தினமும் அதன் அடியில்தான் நடந்து போய்க்கொண்டிருந்தேன்.

எந்த வழி தோது என்று பேசுவதற்கு முன், இந்த இரண்டு மாதத்தில் என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிடலாம். முடிவே அதைப் பொறுத்துத்தான்.

வெயில் ஏறினால் பறவைகள் பாடத் தொடங்கும் என்று நினைப்போம். வெயிலுக்கும் பங்கு உண்டு. ஆனால் முதல் சாவி பகலின் நீளம். பறவையின் மூளைக்குள் ஆழத்தில் ஒளியை உணரும் செல்கள் இருக்கின்றன. மண்டையோட்டைத் தாண்டி உள்ளே கசிகிற வெளிச்சமே அவற்றுக்குப் போதும். பகல் நீள ஆரம்பித்ததும் ஹார்மோன்கள் விழித்துக்கொள்ளும். குளிர்காலம் முழுக்கச் சுருங்கிக் கிடந்த இனப்பெருக்க உறுப்புகள் பல மடங்கு வளரும். பாட்டு வரும், சண்டை வரும், கூடு வரும்.

நகரத்தில் இந்தக் கணக்கு கொஞ்சம் குழம்புகிறது, ஏனென்றால் இங்கே ராத்திரி முழுசாக இருட்டுவதில்லை. ஜெர்மனியில் மியூனிக் நகரத்திலிருந்தும் காட்டிலிருந்தும் பிடித்த பிளாக்பேர்டு என்ற பாடும் பறவைகளை ராத்திரியில் வெறும் 0.3 லக்ஸ் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்கள். அது கிட்டத்தட்டப் பௌர்ணமி நிலவொளி அளவுதான். 2013இல் வெளியான அந்த ஆய்வில், இருட்டில் இருந்தவற்றைவிட அந்தப் பறவைகளின் இனப்பெருக்க உறுப்புகள் ஒரு மாதம்வரை முன்கூட்டியே தயாராகியிருந்தன. அதோடு கான்கிரீட்டில் தேங்கும் சூட்டில் நகரத்து மரங்கள் புறநகரைவிடச் சீக்கிரம் துளிர்க்கும். ஆகவே காலண்டரில் வசந்தம் பிறக்கட்டும், அப்புறம் ஆரம்பிக்கலாம் என்று இருந்தால் முதல் காட்சி முடிந்திருக்கும். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டு மூன்று வாரம் முந்திக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம், இந்தக் காட்சிகள் ஒவ்வொன்றும் சொற்ப நாள்தான். சிட்டுக்குருவியை எடுத்துக்கொண்டால் அடைகாப்பது சுமார் 12 நாள், குஞ்சு கூட்டில் இருப்பது இன்னொரு இரண்டு வாரம். கத்திக் கத்தி இடம் பிடிக்கும் ஆண், குச்சி சுமக்கும் ஜோடி, திடீரென்று எல்லாம் அடங்கி அமைதியாகும் அடைகாப்புக் காலம், வாயில் புழுவோடு நிமிஷத்துக்கொரு தரம் போய் வரும் தாய் தகப்பன், கடைசியில் வால் முளைக்காத குட்டிகள் கிளையில் வரிசையாக உட்கார்ந்து இரைச்சல் போடுவது. இது ஒரு தொடர்கதை. வாரம் ஒரு ஊர் போகிறவருக்கு ஒன்பது தொடர்கதைகளில் ஒவ்வொன்றிலும் ஓர் அத்தியாயம்தான் கிடைக்கும்.

ஜன்னல்

ஜன்னலுக்கு முன் உட்காருவதில் ஒரு சங்கடம் உண்டு, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். இனங்கள் குறைவு. புறா, காகம், குருவி, மைனா, அதிர்ஷ்டம் இருந்தால் இன்னும் ஏழெட்டு. மூன்றாம் நாளே சலிப்புத் தட்டும். பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள்.

நாலாம் நாளும் உட்கார்ந்தால் என்ன தெரியும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆண் சிட்டுக்குருவியின் தொண்டையில் இருக்கும் கறுப்புத் திட்டை எல்லோரும் பார்த்திருப்போம். குளிர்காலத் தொடக்கத்தில் அது சாம்பல் பூத்த மாதிரி மங்கலாக இருக்கும். வசந்தத்தில் பளிச்சென்று கரிக்கறுப்பாகிவிடும். புது இறகு முளைத்துவிட்டது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் புதிதாக ஒன்றும் முளைப்பதில்லை. இலையுதிர்காலத்தில் முளைத்த இறகின் நுனி வெளிறியிருக்கும், அடிப்பகுதி கறுப்பு. மாதக்கணக்கில் உரசி உரசி அந்த வெளிர் நுனி தேய்ந்துபோகிறது, அடியிலிருந்த கறுப்பு வெளியே வருகிறது. பழைய சட்டை தேய்ந்தே மாப்பிள்ளைச் சட்டையாகிவிடுகிறது! அலகும் கூடவே மாறும். குளிர்காலத்தில் காய்ந்த சோளத்தட்டை நிறத்தில் இருந்தது, மெல்லக் கறுத்து, ஜோடி சேரும் சமயத்தில் கரித்துண்டு மாதிரி ஆகிவிடும். இதைப் பார்க்கப் பயணம் எதுவும் தேவையில்லை. ஒரே குருவிக் கூட்டத்தை ஆறு வாரம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்டார்லிங் பறவையிலும் இதே கதை. குளிர்காலத்து வெள்ளைப் புள்ளிகள் தேய்ந்து மறையும், அலகு மட்டும் மஞ்சளாகும். நான்கு கண்டங்களுக்குக் குறையாமல் பரவியிருக்கும் பறவைகள் இவை இரண்டும். அதனால் நீங்கள் எங்கே இருந்தாலும் ஒன்றாவது கிடைக்க நிறைய வாய்ப்பு.

காக்கையும் அப்படித்தான். கீழே அத்தனை சுள்ளி கிடக்க, அதை விட்டுவிட்டு மரத்தில் பச்சைக் குச்சியை வளைத்து முறுக்கி ஒடிக்கும். கீழே கிடப்பது காய்ந்து மொறுமொறுவென்று இருக்கும், பின்னுவதற்கு வளையாது. ஒரு காகம் துணிக்கொடியில் மாட்டியிருந்த கம்பி ஹேங்கரை இருபது நிமிஷம் போராடிக் கழற்றியதை என் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். கொக்கியை எந்தப் பக்கம் தூக்கினால் கழலும் என்று அது கண்டுபிடித்த நொடியில் எனக்கே கைதட்டத் தோன்றியது. நகரத்துப் பறவை கையில் கிடைத்ததை வைத்துக் கட்டும். மெக்சிகோ சிட்டியில் சிட்டுக்குருவிகளும் ஹவுஸ் ஃபின்ச்களும் சிகரெட் துண்டின் பஞ்சைக் கூட்டில் சேர்ப்பதை ஆராய்ந்தவர்கள், பஞ்சு கூடுதலாக உள்ள கூடுகளில் ஒட்டுண்ணிகள் குறைவாக இருப்பதைக் கண்டார்கள். நிகோடின் பூச்சி விரட்டி. குஞ்சுகளுக்கு அதனால் கெடுதலும் உண்டு என்பது கூடவே தெரிந்த செய்தி.

எத்தனையாவது மாடி என்பதைப் பொறுத்து ஜன்னலின் குணம் மாறும். இரண்டாம் மூன்றாம் மாடி என்றால் மரத்தின் உச்சிக்கு நேரே இருப்பீர்கள். தரையிலிருந்து கழுத்தொடிய அண்ணாந்து பார்ப்பவருக்குக் கிடைக்காத பாக்கியம் அது. பத்து மாடிக்கு மேலே போனால் மரங்களை மறந்துவிடுங்கள், வானம் உங்களுடையது. பருந்து வட்டமிடும் உயரம், பொரி வல்லூறு புறாவைத் துரத்தும் உயரம், உழவாரன்கள் (ஸ்விஃப்ட்) கீச்சிட்டுக்கொண்டு பாயும் உயரம். அந்த உழவாரன்களைப் பற்றி ஒன்று: சில பறவைகள் தொடர்ந்து பத்து மாதம் எங்கும் இறங்காமலே பறந்திருந்ததை 2016இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தார் பதிவு செய்தார்கள். பழைய கட்டடத்தின் கூரை இடுக்கில் முட்டையிட மட்டும்தான் அவை தரைதட்டும். மராமத்து என்று அந்த இடுக்கை அடைத்துவிட்டால் திரும்பி வரும் ஜோடிக்கு வீடில்லை.

ஜன்னல்காரர்களுக்கு ஒரு பொறுப்பும் சேர்ந்து வருகிறது. அமெரிக்காவில் மட்டும் வருஷத்துக்கு 36 கோடியிலிருந்து கிட்டத்தட்ட 100 கோடிவரை பறவைகள் கண்ணாடியில் மோதிச் சாகின்றன என்று 2014இல் மதிப்பிட்டார்கள். வானளாவிய கட்டடங்கள்தான் காரணம் என்று நினைப்போம். அந்தக் கணக்கில் அவற்றின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே. மீதி எல்லாம் நம்மைப் போன்றவர்களின் வீடும் சின்னக் கட்டடங்களும். கண்ணாடியின் வெளிப்பக்கம் 5 செ.மீ. இடைவெளியில் புள்ளிகளோ கோடுகளோ ஒட்டினால் பறவைக்குத் தடுப்பு தெரியும். நடுவில் ஒரே ஒரு கழுகுப் படம் ஒட்டுவதால் பயனில்லை, அதைச் சுற்றிக்கொண்டு பறந்து மோதும்.

ஒரே பூங்கா, திரும்பத் திரும்ப

நடக்கப் பத்து நிமிஷத்துக்குள் ஒரு மரக்கூட்டம் இருந்தால், ஜன்னலைவிட இது ஒரு படி மேல் என்று தயங்காமல் சொல்வேன். பெரிய பூங்கா என்று இல்லை. கல்லறைத் தோட்டம், ரயில் பாதையோரப் புதர், பல்கலைக்கழக வளாகம், எதுவும் ஆகும். புல்லை ஒட்டக் கத்தரித்துப் பூச்செடி வரிசை வைத்த இடத்தைவிட, தோட்டக்காரர் மறந்துபோன மூலைதான் பறவைக்குப் பிடிக்கும்.

பூங்காவின் பலம் வலசைப் பறவைகள். சின்னப் பாடும் பறவைகளில் பெரும்பாலானவை ராத்திரியில்தான் வலசை பறக்கின்றன. விடியும்போது களைத்துப்போய் கீழே பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் கான்கிரீட், நடுவில் ஒரு பச்சைத் திட்டு. எல்லாம் அதிலேயே வந்து இறங்கும். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் 200க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவானதற்குக் காரணம் இதுதான். கடலில் தீவு தேடுவது மாதிரி. வடகோளத்தில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: ராத்திரி தெற்குக் காற்று வீசி, விடியற்காலையில் மழை பெய்திருந்தால் அன்றைக்கு வேலையை ஒத்திவைத்தாவது பூங்காவுக்குப் போய்விடுங்கள். காற்றின் தயவில் கிளம்பியவை மழைக்குப் பயந்து மொத்தமாக இறங்கியிருக்கும். குளிர்காலத்தைக் கழிக்க வெப்பமண்டல ஊர்களுக்கு வந்த பறவைகள் விஷயத்தில் இது தலைகீழ். அங்கே வசந்தம் என்றால் வழியனுப்பும் காலம். வாலாட்டியும் கதிர்க்குருவியும் ஒரு நாள் இருக்கும், மறுநாள் இருக்காது. கடைசியாகப் பார்த்த தேதியைக் குறித்து வையுங்கள். வந்த தேதியைப் பலர் குறிக்கிறார்கள், போன தேதியை எழுதுபவர் குறைவு.

அப்புறம் சத்தம். விடியலுக்கு ஒரு மணி நேரம் முன்பே தொடங்கும் அந்தக் கச்சேரிக்கு இளவேனிலை விட்டால் வேறு காலம் கிடையாது. இரை தேட வெளிச்சம் போதாத நேரம், காற்று அடங்கியிருக்கும், குரல் தெளிவாகத் தூரம் போகும். சும்மா இருப்பதற்குப் பாடலாமே என்று பாடுகின்றன. பெரிய கண் உள்ள இனங்கள் முன்னதாகவே ஆரம்பித்துவிடும், சின்னக் கண்ணுக்காரர்கள் வரிசையில் அப்புறம் சேருவார்கள்.

நகரத்துப் பறவையின் பாட்டு கிராமத்துப் பறவையின் பாட்டு மாதிரி இருக்காது என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை. நெதர்லாந்தின் லைடன் நகரில் இரைச்சலான இடத்துப் பட்டாணிக்குருவிகள் உச்சமான சுருதியில் பாடுகின்றன என்று 2003இல் காட்டினார்கள். வண்டிச் சத்தம் தாழ்ந்த சுருதியை விழுங்கிவிடும், அதனால் அதற்கு மேலே ஏறிக்கொள்கின்றன. பெர்லின் நைட்டிங்கேல்கள் வேலை நாள் காலைகளில் உரக்கவும், வார இறுதியில் கொஞ்சம் தணிந்தும் பாடின. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பகலில் இரைச்சல் அதிகமுள்ள இடத்து ராபின்கள் பாடும் நேரத்தையே ராத்திரிக்கு மாற்றிக்கொண்டிருந்தன. 2020 ஊரடங்கில் சான் பிரான்சிஸ்கோ தெருக்கள் அடங்கியபோது அங்கே இருந்த வெண்கொண்டைக் குருவிகள் குரலைத் தாழ்த்திப் பாடியதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே நீங்கள் வாரத்தில் ஒரே ஒரு காலைதான் எழுந்திருக்க முடியும் என்றால் அது ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். அவற்றுக்கும் அன்றைக்குக் கொஞ்சம் தொண்டை ஓய்வு, உங்களுக்கும் காது தெளிவாக இருக்கும்.

மரங்கொத்தி தகரத்தில் தட்டுவதை இந்தச் சமயத்தில் கேட்பீர்கள். விளக்குக் கம்பம், கூரைத் தகடு, எதையும் விடாது. அங்கே புழு ஒன்றும் இல்லை என்பது அதற்கும் தெரியும். அதன் பாட்டே அந்தத் தட்டல்தான். மரத்தைவிடத் தகரம் ஊருக்கே கேட்கும்.

பூங்காவில் குளமோ ஏரியோ இருந்தால் தேர்வு இன்னும் சுலபம். நீர்ப்பறவைகள் இலைக்குப் பின்னால் ஒளியாது. முழுக்கூத்தும் திறந்த மேடையில் நடக்கும். கொண்டை முக்குளிப்பான் ஜோடி ஒன்றையொன்று பார்த்துத் தலையை ஆட்டி, தண்ணீருக்குள் மூழ்கி வாயில் பாசியோடு எழுந்து, நெஞ்சோடு நெஞ்சு நிமிர்ந்து நிற்கும். உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி 1912 வசந்தத்தில் கிடைத்த இரண்டு வார விடுமுறையில் இங்கிலாந்தின் ட்ரிங் நீர்த்தேக்கங்களில் உட்கார்ந்து இதைத்தான் பார்த்தார். 1914இல் அவர் எழுதிய கட்டுரை பறவைகளின் காதல் நடத்தையைப் பற்றிய ஆராய்ச்சிக்கே அடித்தளமானது. கையில் இருந்தது இரண்டு வாரம், ஒரே இடம், ஒரே இனம். இலை அடர்ந்த பிறகு மரப்பறவைகளைத் தேடித் தோற்றுப்போகிறவர்களுக்கு நான் தண்ணீர்ப் பக்கம் போகச் சொல்வேன்.

ஊர்சுற்றல்

இதை ஒரேயடியாக மட்டம் தட்டவில்லை. சில காட்சிகள் இருக்கும் இடத்தில்தான் இருக்கும், நம் ஜன்னலுக்கு வராது. டெக்சாஸின் ஆஸ்டின் நகரத்தில் காங்கிரஸ் அவென்யூ பாலத்துக்கு அடியில் வசந்தத்தில் மெக்சிகோவிலிருந்து வௌவால்கள் வந்து சேரும். 1980இல் பாலத்தைப் புதுப்பித்தபோது விட்ட குறுகிய இடுக்குகள் அவற்றுக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டன. கோடையில் உச்சமாக 15 லட்சம் இருக்கும் என்கிறார்கள். அந்தி நேரத்தில் அவை ஆறு மாதிரி வெளியே வழிவதைப் பார்க்க ஒரு பயணம் தகும்.

புதிதாக வருகிறவருக்கு இன்னொரு காரணமும் உண்டு. சீசன் தொடக்கத்தில் அனுபவமுள்ள ஒருவரோடு, அல்லது ஒரு குழுவோடு, இரண்டு முறையாவது போய் வந்தால் ஆறு மாதப் பாடம் மிச்சம். பறவையைப் பார்ப்பதைவிட எங்கே பார்ப்பது என்று கற்றுக்கொள்வது முக்கியம். அதைப் புத்தகம் சொல்லித்தராது. மூன்றாவது நடையிலிருந்து கூட்டத்தைத் தவிர்ப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். இருபது பேர் நடந்தால் இருபது ஜோடிச் செருப்பு. அதிலும் எல்லோரும் ஒரே அபூர்வப் பறவையைச் சுற்றி நின்றுகொண்டிருந்தால் அது திரையரங்க வாசல் மாதிரி ஆகிவிடும்.

நகர முடியாதவர்களுக்கு, நாள் முழுக்கத் திரைக்கு முன் வேலை செய்கிறவர்களுக்கு, பறவைக் கூடுகளை நேரலையில் காட்டும் கேமராக்கள் இருக்கின்றன. உயரமான கட்டடங்களில் பொரி வல்லூறு முட்டையிட்டு, சுமார் 33 நாள் அடைகாத்து, ஆறு வாரத்தில் குஞ்சு பறப்பதுவரை காட்டுகின்றன. இதை நான்காவது வழி என்றும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பார்ப்பவர் எதையும் தேடுவதில்லை. தேடுவதில்தான் பாதி சுகம்.

கையில் என்ன இருக்க வேண்டும்

பைனாகுலர் வாங்கும்போது 8×42ஆ 10×42ஆ என்ற விவாதம் முடிவில்லாமல் ஓடும். நகரத்துக்கு 8தான். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம். இரண்டாவதை முதலால் வகுத்தால் கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 8×42இல் 5.25 மி.மீ., 10×42இல் 4.2. விடியலின் மங்கலில் அந்த ஒரு மில்லிமீட்டர் கண்கூடாகத் தெரியும். மேலும் 10இல் கைநடுக்கமும் பெரிதாகும், பார்வைப் பரப்பும் சுருங்கும். இலைக்கு இலை தாவும் ஒரு பொடிக் கதிர்க்குருவியைப் பிடிக்கப் பரப்பு வேண்டும். ஏரிக்கரையிலேயே பெரும்பாலும் இருக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் 10 வாங்குங்கள். எடை உறுத்தும் என்கிறவர்களுக்கு 8×32 நல்ல சமாதானம்.

கேமரா வேண்டாம் என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள். முதல் வசந்தத்துக்கு மட்டும் வேண்டாம் என்கிறேன். பறவை வந்து உட்கார்ந்த பத்து வினாடியில் ஒன்பது வினாடி பொத்தான்களோடு போய்விடும். வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது வாலை எப்படி ஆட்டியது என்று ஞாபகம் இருக்காது.

ஆப்களைப் பொறுத்தவரை, கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் நடத்தும் மெர்லின் 2021 முதல் குரலைக் கேட்டுப் பெயர் சொல்கிறது. நிஜமாகவே நல்ல கருவி. ஆனால் மைனா, ஸ்டார்லிங் வகையறா மற்ற பறவைகளைப் பகடி செய்யும், கார் அலாரத்தைக்கூட விடாது. ஆப் ஒரு பெயரைச் சொன்னால் அது ஒரு துப்பு. கண்ணால் பார்த்த பிறகே நோட்டில் ஏற்றுங்கள். பார்த்ததைப் பகிர விரும்பினால் பறவைகளுக்கு இபேர்டு என்ற இணையதளம், அணிலும் பட்டாம்பூச்சியும் தவளையும் சேர்ந்த எல்லாவற்றுக்கும் ஐநேச்சுரலிஸ்ட் தளம். கூட்டின் துல்லியமான இடத்தை மட்டும் பொதுவில் போட வேண்டாம்.

பறவையை வரவழைக்க அதன் குரலையே போனில் ஒலிக்கவிடுகிறவர்களைப் பார்க்கிறேன். இந்த இரண்டு மாதத்தில் அதைச் செய்யவே கூடாது. எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டான் என்று நம்பி அந்த ஆண் கூட்டையும் இரையையும் விட்டுவிட்டு அரைமணி நேரம் எங்கேயோ தேடி அலையும்.

தீனியா, தண்ணீரா?

ஜன்னல்காரர்கள் அடுத்ததாகக் கேட்பது இது. தண்ணீர் என்பது என் பதில். இந்தப் பருவத்தில் பூச்சிக்குப் பஞ்சமில்லை, குஞ்சுகளுக்கு வேண்டியதும் பூச்சிதான். தானியம் தின்னும் குருவிகூடக் குஞ்சுக்குப் புழுவைத்தான் ஊட்டும். தீனித்தட்டில் ஒரே இடத்தில் கூட்டம் சேர்ந்தால் நோயும் சேரும். பிரிட்டனில் 2005, 2006 வாக்கில் பரவிய டிரைக்கோமோனோசிஸ் என்ற ஒட்டுண்ணி நோய் கிரீன்ஃபின்ச் பறவைகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. வைத்தே தீருவேன் என்றால் வாரா வாரம் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள். தண்ணீர்த் தட்டு இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு கல், தினமும் புதுத் தண்ணீர். தீனிக்கு வராத பறவைகளும் குளிக்க வரும்.

நரி, வௌவால், முள்ளெலி பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மேலே சொன்ன காலைக் கணக்கை அப்படியே மாலைக்கு மாற்றிக்கொள்ளலாம். சூரியன் மறைந்து முதல் அரைமணி நேரம், தெருவிளக்குக்கு அருகே, வானம் வெளுப்பாகத் தெரியும் பக்கம் பார்த்து நில்லுங்கள். சின்ன வௌவால்களின் குரல் மனிதக் காதுக்கு எட்டும் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதால் நிழல்தான் தெரியும். அதற்கென உள்ள கருவி இருந்தால் டிக் டிக்கென்று கேட்கலாம்.

சரி, முடிவாக யாருக்கு எது? கைக்குழந்தையோ, வயதான பெற்றோரோ, நகர முடியாத வேலையோ இருந்தால் ஜன்னல், கூடவே ஒரு தண்ணீர்த் தட்டு. தினமும் இருபது நிமிஷம் வெளியே கிளம்ப முடிகிறவருக்குப் பூங்கா, அதுவும் ஒரே பாதை, ஒரே பெஞ்சு. சனி ஞாயிறு மட்டும்தான் என்றாலும் அதே பூங்காவுக்கே எட்டு வாரமும் போங்கள், நடுவில் ஒரு வாரத்தை மட்டும் வெளியூருக்கு ஒதுக்குங்கள். ஏற்கெனவே இரண்டு மூன்று வசந்தம் ஒரே இடத்தைப் பார்த்துத் தீர்த்தவர்கள் தாராளமாகச் சுற்றலாம். அவர்களுக்குப் புது இடத்தில் எது வழக்கம், எது அதிசயம் என்று ஒப்பிடத் தெரியும்.

கடைசி வாரங்களில், எந்த வழியில் போனாலும், நடைபாதை ஓரத்தில் பறக்கத் தெரியாத ஒரு குஞ்சு தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பீர்கள். தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடாதீர்கள். உடம்பில் இறகு முளைத்திருந்தால் அது கூட்டைவிட்டுத் தானாக இறங்கிய குஞ்சு. தாய் பக்கத்துக் கிளையில் வாயில் புழுவோடு, நீங்கள் எப்போது நகர்வீர்கள் என்று காத்திருக்கும். வண்டியோ பூனையோ வரும் இடம் என்றால் பக்கத்துப் புதருக்கு நகர்த்தி வைத்துவிட்டு, பத்தடி தள்ளிப்போய் நில்லுங்கள். அநேகமாக இரண்டே நிமிஷத்தில் வந்துவிடும்.